சவாரிக்காரனுக்கு ஒரு பெயர்

படப்பிடிப்பு வளாகத்தின் வாசல் காவலாளி ஆர்லோ இரண்டு வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு டெல்மர் ஹஸ்கினைப் பார்க்கிறான். தினமும் அதே கேள்வியைக் கேட்கிறான்.

"பேரு?"

"டெல்மர் ஹஸ்கின்."

ஆர்லோ பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினான்.

"இருக்கு சார். போங்க."

"நேத்தும் இருந்துச்சே ஆர்லோ."

"அது நேத்து லிஸ்ட்டு சார். இது இன்னிக்கு லிஸ்ட்டு."

உள்ளே, குதிரை லாயத்துக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், டெல்மர் பெயரில்லாத ஒருவனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். தொலைக்காட்சித் தொடரின் பெயர் 'யாரோ ஒருவன்'. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வரும். உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருடம், தலையில் குண்டடிபட்ட ஒருவன் நெவாடா பாலையில் கண் விழிக்கிறான். தான் யாரென்று அவனுக்கு நினைவில்லை. குதிரையேறி ஊர் ஊராகப் போகிறான். ஒவ்வொரு ஊரிலும் அவனை அடையாளம் தெரிந்த ஆள் ஒரே ஒருவர் இருப்பார். அவர் சொல்ல வாயைத் திறக்கும்போது யாராவது சுட்டுவிடுவார்கள். முப்பத்திரண்டு வாரங்களில் முப்பத்திரண்டு பேர் இப்படிப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அதில் பதினொரு பேரைக் கொன்றவன் டெல்மர்.

யார் பெயர் கேட்டாலும் சவாரிக்காரன் தொப்பியை ஒரு விரலால் சற்றுத் தூக்கி, "தெரிஞ்சா சொல்லியிருப்பேனே" என்பான். அந்த வருடம், 1966இல், நாடு முழுவதும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஆசிரியர்களிடம் இதைச் சொல்லி வகுப்புக்கு வெளியே நின்றார்கள். விளம்பரப் பிரிவு அந்தப் பிள்ளைகளை எண்ணி அறிக்கை தயாரித்தது.

தொடருக்குச் சில விதிகள் இருந்தன. நிகழ்ச்சியை வழங்கியது சில்வர்டேல் சவர நுரை. ஆகவே சவாரிக்காரன் நாற்பது நாள் பாலைவனத்தில் தண்ணீரில்லாமல் அலைந்தாலும் முகம் வழுவழுவென்றிருக்க வேண்டும். நினைவு போயிருந்தது, சவரக்கத்தி போகவில்லை. அவன் எந்தப் பெண்ணையும் முத்தமிடக் கூடாது. தான் யாரென்று தெரியாதவனுக்கு எங்காவது மனைவி இருக்கலாம் என்று ஒழுக்கப் பிரிவு கண்டுபிடித்திருந்தது. முப்பத்திரண்டு பெண்கள் முப்பத்திரண்டு சூரிய அஸ்தமனங்களில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் போரில் எந்தப் பக்கம் நின்றான் என்பதையும் சொல்லக் கூடாது. அவன் ஒரு பக்கத்தில் வீரமாகப் போரிட்டான். அவ்வளவுதான் அனுமதி.

இவை எதுவும் டெல்மரைத் தொந்தரவு செய்யவில்லை. அவனுக்குத் தொந்தரவு ஒன்றே ஒன்று. எழுதியவர் பெயர் கடைசியில்தான் வரும். அது வரும் நேரத்தில் அறிவிப்பாளர் அடுத்த வாரக் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவார், பெயர்கள் திரையின் ஒரு மூலைக்குச் சுருங்கிவிடும், அந்த மூலையின் மேல் சவர நுரை வந்து விழும். பதினொரு முறை எழுதியும் அவன் பெயரை உலகத்தில் யாரும் படித்ததில்லை.

யாரும் என்பதில் அவன் மாமனார் வர்ஜில் மோட்டன் முக்கியமானவர். ஃப்ரெஸ்னோவில் டயர் கடை வைத்திருந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் நம்புகிறவர்.

"எழுதறேன் எழுதறேங்கறியே மாப்பிள்ளை. எங்க, காட்டு."

"அந்த நுரைக்குக் கீழ இருக்கு மாமா."

"நுரைக்குக் கீழ என்ன வேணா இருக்கலாம்."

ஒப்பந்தம் எளிமையானது. இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரு தடவையாவது டெல்மரின் பெயர் திரையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஜூன் ஒன்றாம் தேதி அவன் டயர் கடையில் சேர வேண்டும். வர்ஜில் அதற்கான சட்டையையும் தைத்து வைத்துவிட்டார். சாம்பல் நிறம், சட்டைப் பைக்கு மேல் சிவப்பு நூலில் 'டெல்மர் ஹஸ்கின்'. ஃப்ரெஸ்னோ வீட்டு அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி அவன் பெயர் இருந்த ஒரே இடம் அதுதான். அங்கே போகும்போதெல்லாம் டெல்மரின் மனைவி நடீன் மட்டும் அந்த அலமாரியைத் திறக்காமல் இருந்தாள்.

மார்ச் மாதம் தொடர் நிறுத்தப்பட்டது. இன்னும் ஒரு கதைதான் பாக்கி. அதை எழுதும் முறை டெல்மருக்கு வந்தது. வழக்கம்போல ஒரு ஊர், வழக்கம்போல ஒரு ஆள், வழக்கம்போல ஒரு துப்பாக்கி என்று அவன் தொடங்கியிருந்தபோது தயாரிப்பாளர் சால் கெர்ஷ்மன் மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"நிறுத்துப்பா. அந்தாளைச் சுடாதே."

"ஏன் சால்?"

"பேரைச் சொல்லட்டும். மேலிடத்து உத்தரவு. நியூயார்க்ல சேர்மன் வீட்டுல விருந்து. அவர் சம்சாரம் சூப்பைக் குடிச்சிக்கிட்டே, 'ஆமா, அந்தாளு யாருதான்?'னு கேட்டிருக்கா. சேர்மனுக்குத் தெரியல. மேஜையில பன்னெண்டு பேரு. யாருக்கும் தெரியல."

"எனக்கும் தெரியாதே."

"உனக்குத் தெரிய வேணாம். உறையில இருக்கு."

உறையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தொடரை முதன்முதலில் உருவாக்கி விற்ற மனிதர், சவாரிக்காரனின் உண்மைப் பெயரை எழுதி, அரக்கு வைத்து மூடி, சட்டப் பிரிவின் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது ஃப்ளோரிடாவில் படகு விற்கிறார். அந்த உறையைக் காட்டித்தான் விளம்பரதாரரைப் பிடித்தார்கள். அதன் புகைப்படம் பத்திரிகைகளில் வந்திருக்கிறது.

பதினான்காம் மாடியில் உறையைத் திறந்தார்கள். மூன்று வழக்கறிஞர்கள், ஒரு சான்றுறுதி அலுவலர், ஒரு புகைப்படக்காரர். துணைத் தலைவர் பிரெஸ்டன் ஹாலோவே தலைமை தாங்கினார். அந்த நிறுவனத்தில் பத்தொன்பது துணைத் தலைவர்கள். எதற்குத் துணை என்று ஹாலோவேயின் கதவில் எழுதியிருக்கவில்லை. டெல்மர் சுவரோரமாக நின்றான். உட்காரச் சொல்லும் அதிகாரம் அறையில் யாருக்கு என்பது முடிவாகவில்லை.

ஹாலோவே எழுந்தார்.

"நண்பர்களே, இந்த நிறுவனம் ஜனங்களுக்குப் பிடிச்சதைக் குடுக்குது. அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு அவங்களுக்கே தெரியாது. பாவம், அவங்க வேலைக்குப் போறவங்க. அதனால நாங்க முதல்ல குடுத்துடறோம், அப்புறம் பிடிச்சுதான்னு கேட்டுக்கறோம். பிடிக்கலைன்னு சொன்னா, தப்பான ஆளைக் கேட்டுட்டோம்னு தெரிஞ்சுக்கறோம். இன்னிக்கு ஒரு மனுஷன் தன்னைத் தெரிஞ்சுக்கப் போறான். இதை நாங்க முப்பத்திரண்டு வாரம் தாமதப்படுத்தினோம். அதுக்காக நான் பெருமைப்படறேன்."

அரக்கை உடைத்தார்கள். உள்ளே ஒரு காகிதம். ஹாலோவே படித்தார். பக்கத்து வழக்கறிஞரிடம் கொடுத்தார். அவர் படித்து அடுத்தவரிடம் கொடுத்தார். சான்றுறுதி அலுவலர் முத்திரை குத்தினார். கடைசியாக அது டெல்மரிடம் வந்தது.

'பிறகு யோசிக்கலாம்' என்று எழுதியிருந்தது.

"நல்லது," என்றார் ஹாலோவே. "யோசிங்க."

டெல்மர் யோசித்தான். அது அவனுக்கு அன்று மதியமே முடிந்துவிட்டது. 'கேலப் ராண்டல்' என்று எழுதி, பெயர் அனுமதிப் பிரிவுக்கு எடுத்துப் போனான்.

அந்தப் பிரிவு என்பது மிஸ் யூனிஸ் பார்ட்லோ. முப்பது வருட அனுபவம், சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, நான்கு சுவர்களிலும் கூரைவரை தொலைபேசிப் புத்தகங்கள். நாட்டின் எல்லா ஊர்களும் அந்த அறையில் இருந்தன.

"விதி தெரியுமா மிஸ்டர் ஹஸ்கின்?"

"தெரியாது மேடம். இதுவரைக்கும் நான் பேரே வைக்கலை."

"கதையில வர்ற பேர்ல நிஜத்துல யாரும் இருக்கக் கூடாது. இல்லைன்னா நூறு பேருக்கு மேல இருக்கணும். ஒருத்தர் இருந்தா, 'அது நான்தான், மானம் போச்சு'ன்னு கேஸ் போடுவார். நூறு பேர் இருந்தா யாருக்கும் தான்தான் அதுன்னு நிரூபிக்க முடியாது."

அவர் ஒரு புத்தகத்தை இழுத்தார். விரல் ஒரே தடவையில் சரியான இடத்தில் நின்றது.

"கேலப் ராண்டல். டொலீடோ. பல் டாக்டர்."

அடுத்த நாள் டெல்மர் நான்கு பெயர்களோடு வந்தான்.

"மேத்யூ ஸ்ட்ராங். ஆரிகன்ல கோழிப்பண்ணை. ஹைரம் கோல். கான்சஸ்ல பாதிரியார். ஜோசையா வெப், ஜெயில்ல இருக்கார், நேரம் நிறைய இருக்கு, கண்டிப்பா கேஸ் போடுவார். ஏசா பெல்லோஸ் ஒருத்தர்தான். நானே போன் பண்ணி சம்மதம் கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"அந்த நேரத்துல அடுத்த சானல்ல நாய் நிகழ்ச்சி பாப்பாராம்."

நூறு பேருக்கு மேல் இருக்கிற பெயராகவே வைத்துவிடலாம் என்று டெல்மர் 'ஜான் ஸ்மித்' என்று எழுதினான். மிஸ் பார்ட்லோ உடனே முத்திரை குத்தினார். அது ஹாலோவேயிடம் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. 'முப்பத்திரண்டு பேர் செத்தது ஜான் ஸ்மித்துக்காகவா?' என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

யாருமே இல்லாத பெயராக 'எஸ்ரா குவாம்பிஷ்' என்று உருவாக்கினான். மிஸ் பார்ட்லோ இரண்டு நாள் தேடி, நாட்டில் அப்படி யாரும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார். சவாரிக்காரனாக நடித்தவர் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டுத் தன் அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டார்.

பிறகு கூட்டம். சவர நுரைக் கம்பெனியிலிருந்து மிஸ்டர் கிரிம் வந்திருந்தார். ஆராய்ச்சிப் பிரிவின் அறிக்கையை ஹாலோவே வாசித்தார். தெருவிலிருந்து நூறு பேரைப் பிடித்து வந்து, இருட்டறையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு குமிழ் கொடுத்து, பெயர்களைத் திரையில் காட்டியிருந்தார்கள். பிடித்தால் வலப்பக்கம் திருப்ப வேண்டும்.

"முதலிடம் பஸ்டர்," என்றார் ஹாலோவே.

"அது குதிரையோட பேரு," என்றார் சால்.

"ஜனங்களுக்கு அது தெரிஞ்சிருக்கு. அதான் பிடிச்சிருக்கு. எண்பத்தொரு பேர் குதிரைதான் கதாநாயகன்னு நினைச்சிருக்காங்க. ரெண்டாவது இடம், சுத்தமா இருட்டா இருந்த திரை. மூணாவது..." அவர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். "சில்வர்டேல்."

மிஸ்டர் கிரிம் கூச்சத்துடன் சிரித்தார்.

"நாங்க வற்புறுத்தல. கலைஞர்கள் விஷயத்துல எங்க கம்பெனி தலையிடறதே இல்லை. பிடிக்கலைன்னா நிகழ்ச்சியை நிறுத்தறதோட சரி."

"சில்வர்டேல்னு ஒரு மனுஷனுக்குப் பேரா?" என்றான் டெல்மர்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் பேசுவான் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ஹாலோவே அன்பாக விளக்கினார்.

"மிஸ்டர்... உங்க பேரு என்ன?"

"ஹஸ்கின்."

"மிஸ்டர் ஹான்சன், பேருங்கறது ரொம்பப் பெரிய பொறுப்பு. வடக்குத் தளபதி ஷெர்மன் பேரை வச்சா அட்லாண்டாவுல நிலையத்தையே அணைச்சிடுவாங்க. தெற்குத் தளபதி லீ பேரை வச்சா பாஸ்டன்ல அணைப்பாங்க. கடைசியில ஓ போட்டா இத்தாலிக்காரன்னு நினைப்பாங்க, 'ஸ்கி'ன்னு போட்டா ரஷ்யாக்காரன். பைபிள்ல இருந்து எடுத்தா அந்த மதம், எடுக்கலைன்னா எந்த மதமும் இல்லை. எங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கேட்டவுடனே எல்லாருக்கும் 'அட, இவனா!'ன்னு தோணணும். ஆனா யாருக்கும் இவனைத் தெரிஞ்சிருக்கக் கூடாது. இது கஷ்டமா?"

கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. சில்வர்டேலை ஒழுக்கப் பிரிவு நிராகரித்தது, கதாநாயகன் பெயரைச் சொல்லும்போதெல்லாம் விளம்பர நேரமாகக் கணக்கிட வேண்டியிருக்கும் என்பதால். வேறு எதுவும் முடிவாகவில்லை. முடிவானவற்றைக் குறித்துக்கொள்ள வந்த பெண் வெள்ளைத் தாளை மடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

படப்பிடிப்பு நாள் வந்தது. கடைசிக் காட்சி. அவனை அடையாளம் தெரிந்த மருத்துவர் இறந்துபோகும் முன் பெயரைச் சொல்ல வேண்டும், சவாரிக்காரன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மருத்துவராக நடித்தவர் மூன்று மணி நேரமாக மண்ணில் சாய்ந்து கிடந்தார். டெல்மர் மிஸ் பார்ட்லோவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். தொலைபேசியில் சால்.

"பேரு எங்கப்பா? குதிரை வெயில்ல நிக்குது!"

"நடிகர்?"

"அவருக்குக் குடை இருக்கு. குதிரையைச் சொல்றேன்!"

டெல்மர் ரிசீவரை வைத்தான். மிஸ் பார்ட்லோ ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

"ஏசா பெல்லோஸ்கிட்ட முயற்சி பண்ணின வழி இன்னும் இருக்கு. நிஜமா அந்தப் பேர் உள்ளவர் எழுதிக் குடுத்துடணும். 'என் பேரை எடுத்துக்குங்க, கேஸ் போட மாட்டேன்'னு. ஆனா அந்தப் பேர்ல நாட்டுல அவர் ஒருத்தர்தான் இருக்கணும்."

"அப்படி யாரு கிடைப்பா மேடம்?"

அவர் புகையை விட்டார். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"நேத்து சும்மா உங்க பேரைத் தேடிப் பாத்தேன். டெல்மர் ஹஸ்கின். நாட்டுலேயே ஒருத்தர்தான்."

டெல்மருக்கு நாட்டின் எல்லா வீட்டுக் கூடங்களும் தெரிந்தன. அதில் ஃப்ரெஸ்னோவின் ஒரு கூடம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. நுரை விழாத இடத்தில், திரையின் நட்டநடுவில், சத்தமாக, அவன் பெயர்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

மிஸ் பார்ட்லோ பதினான்கு பக்கங்களை எடுத்து வைத்தார்.

"படிச்சிட்டுப் போடுங்க மிஸ்டர் ஹஸ்கின்."

தொலைபேசி அடித்தது. குதிரை உட்கார்ந்துவிட்டதாம்.

அவன் முதல் பக்கத்தைப் படித்தான். 'இந்தப் பூமியிலும் இனிக் கண்டுபிடிக்கப்படும் கிரகங்களிலும்' என்றிருந்தது. கடைசிப் பக்கத்துக்குப் போனான்.

"நான் சொன்னேன், படிக்கச் சொன்னேன்," என்றார் மிஸ் பார்ட்லோ, முத்திரையை எடுத்தபடி. பதிலுக்கு நிறுவனம் அவனுக்கு ஒரு டஜன் டப்பா சவர நுரை கொடுத்தது.

ஹாலோவேயிடம் அனுப்ப நேரமில்லை, அவனே பெயரை எடுத்துக்கொண்டு ஓடினான். நடிகர் குடைக்குக் கீழே காகிதத்தைப் பார்த்தார்.

"டெல்மரா? என்னய்யா இது, தபாலாபீஸ்காரன் பேரு மாதிரி இருக்கு. யாரு பேரு இது?"

"யாரோ ஒருத்தர் பேரு," என்றார் சால். "சொல்லுங்க, வெளிச்சம் போகுது."

ஒளிபரப்புக்கு இரண்டு நாள் முன்பு சால் கூப்பிட்டார். குரல் இனிமையாக இருந்தது.

"கடைசியில வர்ற பேருல ஒரு சின்ன விஷயம்ப்பா. 'எழுதியவர் டெல்மர் ஹஸ்கின்'னு போட முடியாதாம். ஒன்பதாவது பக்கம். அந்தப் பேரு இப்ப கம்பெனியோடது. கதாபாத்திரத்தைத் தவிர வேற யாரும் பயன்படுத்தக் கூடாது."

"அது என் பேரு சால்!"

"இருந்துச்சு. அதை யாரும் மறுக்கல."

எழுத்தாளர் சங்கத்துக்குப் போனான். அவர்கள் கொதித்துப் போனார்கள். இது அநியாயம், உடனே புகார் எழுதுங்கள் என்றார்கள். புகாரில் எழுத்தாளரின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். அது வேறொரு நிறுவனத்தின் சொத்தாக இருந்தால் அந்த நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தை இணைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவனும் நடீனும் ஃப்ரெஸ்னோவில் இருந்தார்கள். வர்ஜில் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். பதினாறு பேர். மடியில் தட்டு, தட்டில் கோழியும் நூடுல்ஸும். ஏழு மணிக்கு வர்ஜில் தொலைக்காட்சியைப் போட்டார்.

ஏழு ஐம்பத்தொன்றுக்கு மருத்துவர் மண்ணில் கிடந்தபடி உதட்டை அசைத்தார். யாரும் அவரைச் சுடவில்லை. வழுவழுப்பான முகத்துடன் சவாரிக்காரன் நிமிர்ந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"டெல்மர் ஹஸ்கின்," என்றான். "நான் டெல்மர் ஹஸ்கின்."

முள்கரண்டிகள் நின்றன. பதினாறு தலைகளும் டெல்மர் பக்கம் திரும்பின. நடீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பெயர்கள் வந்தன. அடுத்த வாரம் என்று ஒன்று இல்லாததால் அறிவிப்பாளர் பேசவில்லை. திரை சுருங்கவில்லை. நுரை விழவில்லை. தொடரின் வரலாற்றில் முதல்முறையாகப் பெயர்கள் முழுத் திரையில், பெரிய எழுத்தில், நிதானமாக ஏறின. நாற்பத்தொரு பெயர்கள். உடை தைத்தவர் இருந்தார். லாடம் அடித்தவர் இருந்தார். பஸ்டர் இருந்தான்.

"இரு இரு, இன்னும் முடியல," என்றார் வர்ஜில். முடிந்தது.

அவர் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

"மாப்பிள்ளை, உன் பேரை அந்தாளுக்கு வச்சிருக்காங்களே!"

"நான்தான் வச்சேன் மாமா."

"அப்ப எழுதினது யாரு?"

"நான்தான்."

"உன் பேரைக் காணோமே."

"அவனுக்குக் குடுத்துட்டேன்."

வர்ஜில் இதை நெடுநேரம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை.

"கதை நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "எவன் எழுதினானோ." பிறகு அலமாரியைத் திறந்தார்.

திங்கட்கிழமை டெல்மர் தன் தட்டச்சு இயந்திரத்தை எடுத்துவரப் போனான்.

"பேரு?" என்றான் ஆர்லோ.

"டெல்மர் ஹஸ்கின்."

விரல் ஓடியது. நின்றது.

"இருக்கு சார். ஆனா பக்கத்துல 'கதாபாத்திரம்'னு போட்டிருக்கு. கதாபாத்திரமெல்லாம் மேக்கப் வாசல் வழியா வரணும். மேக்கப்போட."

"ஆர்லோ, ரெண்டு வருஷமா தினம் என்னைப் பாக்கறே."

"பாக்கறேன் சார். பாக்கறேன். யாருன்னுதான் தெரியல."

இயந்திரம் உள்ளேயே இருந்தது.

டயர் கடையில் ஜூன் ஒன்றாம் தேதி சேர்ந்தான். வேலை பிடித்திருந்தது. டயர்களுக்கு யாரும் கூட்டம் போடுவதில்லை. இரண்டாவது வாரம் வர்ஜில் பெருமையை அடக்க முடியாமல் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். 'டிவியில் பார்த்தீர்களா? நிஜமான டெல்மர் ஹஸ்கின் கையால் உங்கள் டயரை மாற்றிக்கொள்ளுங்கள்!'

ஒன்பதாம் நாள் பதிவுத் தபால் வந்தது. டெல்மர் ஹஸ்கின் என்ற பெயர் நிறுவனத்துக்கு உரியது. அது ஏற்கெனவே மதிய உணவுப் பெட்டிகள், தொப்பிகள், பிள்ளைகளின் சட்டைகள் ஆகியவற்றுக்காகப் பதிவாகியிருக்கிறது. மேற்படிப் பெயரைத் தாங்கிய சட்டை ஒன்று ஃப்ரெஸ்னோவில் அனுமதியின்றி நடமாடுவதாகத் தெரியவந்துள்ளது. கடிதத்தின் அடியில் பென்சிலில் ஒரு வரி இருந்தது. 'மன்னியுங்கள். அன்றைக்கே படிக்கச் சொன்னேன். யூ. பா.'

வர்ஜில் சவரத் தகட்டால் சிவப்பு நூலை ஒவ்வொரு தையலாக அறுத்தெடுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. நூல் போய்விட்டது. ஊசித் துளைகள் மட்டும் அதே வரிசையில் இருந்தன. மூக்கு உரசும் தூரத்தில் நின்றால் படிக்கலாம்.

ஜூலையில் ஒரு நாள் ஒருவர் பின்சக்கரம் இரண்டையும் மாற்றிக்கொண்டார். நெடுந்தூரம் போகிறவர், ரீனோவரை. கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"வழியில ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறது? உங்க பேரு என்ன?"

டெல்மர் கையைத் துணியில் துடைத்தான். வாயைத் திறந்தான். கடைக்குள் வர்ஜில் நிமிர்ந்து பார்த்தார்.

டெல்மர் தொப்பியை ஒரு விரலால் சற்றுத் தூக்கினான்.

"தெரிஞ்சா சொல்லியிருப்பேனே."

அந்த மனிதர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நீங்களும் பாப்பீங்களா அதை! எங்க வீட்டுல ஒரு வாரம் விட்டதில்லை." வண்டியைக் கிளப்பிவிட்டு, போகிற போக்கில் தலையை வெளியே நீட்டினார். "ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவன் சொல்ற மாதிரி வரலை. அவன் சொன்னா நம்பணும்போல இருக்கும்."